ஒரே தட்டு, இரண்டு அச்சு

மரியானைப் பற்றி ஊரில் விசாரித்தால் சங்கு குளிக்கிறவர்கள் ஒன்று சொல்வார்கள், உப்பு மூட்டை தூக்குகிறவர்கள் வேறொன்று சொல்வார்கள். இரண்டு கூட்டத்துக்கும் தெரியாத ஒரு மரியானை எனக்குத் தெரியும். தூத்துக்குடியிலேயே, ஏன், திருநெல்வேலிச் சீமையிலேயே, ஓர் இங்கிலாந்து இசைத்தட்டின் இரண்டு அச்சுகளை மாற்றி மாற்றிக் கேட்டு, எது ஒசத்தி என்று என்னோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்ற ஒரே ஆள் அவன்தான். அந்தச் சண்டையில் ஜெயித்தது நான். ஜெயித்த பிறகு நான் செய்த காரியத்துக்காக என்மேலேயே எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் ராஜதுரை. பீச் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, அம்மன் கொடை, மாதா திருவிழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது பிழைப்பு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்கள் டேப் ரிக்கார்டர், டிரான்சிஸ்டர் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு உண்மையான சந்தோஷம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டு வாயைக் கிளறாதீர்கள், அது இந்தக் கதையில் வராது.

1978 மே மாதம், ஒரு கப்பலின் ரேடியோ ஆபீசர், ஸ்காட்லாந்துக்காரர், தன் டேப் டெக்கைக் கொண்டுவந்தார். மோட்டார் பெல்ட் அறுந்திருந்தது. சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிப் போட்டு ஓடவிட்டேன். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கப்பல் கிளம்புவதற்கு முன் திரும்ப வந்து, ஓர் எல்பி தட்டையும் காதில் மாட்டுகிற ஹெட்போன் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். தட்டின் அட்டை சாம்பல் நிறம். நடுவில் ஓர் இரும்பு ஏணி, எங்கே ஏறுகிறது என்று தெரியாமல் நிற்கும். வாசித்தவர்களின் பெயர் அட்டையின் பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. அதனால் எங்களுக்கு அது கடைசிவரை ஏணித் தட்டுதான். ‘பங்க்’ என்று ஒரு கூச்சல் பாட்டு லண்டனில் வந்து அதற்குள் செத்தும் போய்விட்டதாம். இது அதற்குப் பிந்திய சங்கதியாம். ஆபீசர் சொன்னதில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

முதல் தடவை போட்டபோது மெஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பாடுகிறவன் பாடவில்லை, போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறான். டிரம், காலியான சரக்குக் கிட்டங்கிக்குள் வைத்து அடித்த மாதிரி கேட்கிறது. பின்னால் நிற்கவேண்டிய பேஸ் கித்தார் முன்னால் வந்து பாட்டை இழுத்துக்கொண்டு போகிறது. முன்னால் நிற்கவேண்டிய கித்தாரோ ஓர் ஓரத்தில் நின்று தகரத்தைச் சுரண்டுகிறது. எதிர் ஓரத்தில் ஆர்மோனியம் போல ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்துப் பலசரக்குக் கடை செந்தூர்பாண்டி அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “ஏலே ராஜதுரை, உள்ள யாரையும் போட்டு அடிக்கியா?” என்றார். அன்றிலிருந்து ஹெட்போனில்தான் கேட்டேன். நாலாவது தடவைக்குப் பிறகு அந்தத் தட்டை விட முடியவில்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஊரில் ஒருத்தனும் கிடையாது.

மரியான் அப்போது என்னிடம் குழாய் கட்ட வந்துகொண்டிருந்தான். மழை கழிந்து கடல் தெளிகிற டிசம்பரிலிருந்து மே வரை அவனுக்குச் சங்கு சீசன். மிச்ச மாதங்களில் கிடைத்த வேலை. இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்த வருஷம் அவனுக்குப் பதினேழு வயது. நான் சொல்லும் காலத்தில் முப்பத்துநாலு. காலில் துடுப்பாக அலுமினியத் தகடும் முகத்தில் கண்ணாடியுமாகப் பத்துப் பாகம், அதாவது அறுபது அடி, ஆழம் முங்கி, வலைப்பை நிறையச் சங்கோடு மேலே வருகிறவன். மனைவி செபஸ்தியம்மாளின் அண்ணன் சூசைக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. அதில் ஆறு பேர் முங்குவார்கள், மரியான்தான் முதல் ஆள். வீட்டில் ஒன்றரை வயதில் ஒரு மகள்.

தென்னையோ கோபுரமோ, எந்த உயரத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவான். ஒரே ஒரு குறை. கீழேயிருந்து நான் இந்தப் பக்கம் நின்று கத்தினால் அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பான். “ஏலே, நான் இங்கன நிக்கேன், நீ யார வேடிக்க பாக்க?” என்று திட்டுவேன். அவன் சிரித்துக்கொண்டே தேடுவான்.

ஒருநாள் விளையாட்டாக ஹெட்போனை அவன் தலையில் மாட்டி ஏணித் தட்டைப் போட்டேன். கழற்றி எறிவான் என்று பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டான். எழுந்து, “நாம அடியில கெடக்கும்போது மேல வள்ளத்துல ஆளு நடந்தா இப்பிடித்தான் அண்ணாச்சி கேக்கும், டொம்மு டொம்முன்னு” என்றான். “இன்னொரு பக்கமும் இருக்கோ?” என்று கேட்டான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

ஆகஸ்ட் மாதம், மாதா திருவிழா முடிந்து குழாய்களை அவிழ்த்துக்கொண்டிருந்த வாரம், ஒரு கொரியாக் கப்பலிலிருந்து சமையல்காரர் ஒருவர் டிரான்சிஸ்டரோடு வந்தார். கூடவே விற்கப் பத்துப் பன்னிரண்டு எல்பி வைத்திருந்தார். அதில் அதே ஏணி. அட்டை மெல்லிய காகிதம், சாம்பலுக்குப் பதில் ஒரு மாதிரிப் பச்சை. உள்ளே தட்டு ஆரஞ்சு நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் நிற்கும் ஆள் தெரிகிறது. தைவானில் யாரோ உரிமை கிரிமை ஒன்றும் வாங்காமல் அடித்து விற்கும் தட்டு என்று சமையல்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதை மரியான் தனக்கென்று வாங்கிக்கொண்டான். வீட்டில் மெஷின் கிடையாது, தட்டு மட்டும் வேண்டுமாம். அதுவும் என் கடையில்தான் இருந்தது.

அன்று தொடங்கியது வினை.

அவன் சோதிக்கும் முறையே வேறு. சங்குக் கிட்டங்கியில் சங்கைத் தரம் பிரிப்பது போல இரண்டு தட்டையும் விளிம்பில் பிடித்து, பெருவிரலால் சுற்றிலும் தடவி, புழு அரித்திருக்கிறதா என்று பார்ப்பான். நகத்தால் சுண்டுவான். எது கனம் என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்து, செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். ஆரஞ்சுத் தட்டு இரண்டு விரலி மஞ்சள் அளவுக்குக் கூட இருந்தது. “பாத்தியளா, சரக்கு இதுலதான் இருக்கு” என்றான் மரியான். நான் விடுவேனா? இங்கிலீஷ் தட்டில் பாட்டு முடிகிற இடத்துக்கும் நடுக் காகிதத்துக்கும் இடையே, அச்சு வெட்டியவன் ஊசியால் கீறிய எண்களைக் காட்டினேன். ஆரஞ்சில் அந்த இடம் வழுக்கை. ஆரஞ்சுத் தட்டில் ஊசியை வைத்தால் முதலில் கடலை வறுக்கிற சத்தம்தான் வரும். இங்கிலீஷ் தட்டில் பாட்டுக்கு முன்னால் உண்மையான அமைதி இருக்கும். இங்கிலீஷ் தட்டில் டிரம்காரனின் கட்டைக்கும் தோலுக்கும் நடுவே இருக்கிற காற்றுகூடத் தெரியும். ஆரஞ்சில் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தான்.

இதையெல்லாம் மரியான் ஒத்துக்கொண்டான். கடலை வறுக்கிறது, காற்று இல்லை, எல்லாம் சரி. “ஆனா அண்ணாச்சி, இங்கிலீசுத் தட்டுல கித்தார்காரனே இல்லையே. ஆரஞ்சுலல்லா அவன் வாரான்” என்றான்.

முதலில் கிண்டல் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. இரண்டாவது பாட்டில் அந்தத் தகரச் சுரண்டல் தொடங்கும் இடத்தில் விரலைத் தூக்கிக் காட்டினேன். “இந்தா, இந்தா வருதுல்லா.” அவன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு ஆரஞ்சைப் போட்டதும் அதே இடத்தில் அவனே விரலைத் தூக்கினான். “இந்தா.”

செப்டம்பர், அக்டோபர் இப்படியே போனது. உனக்குக் காதா, கருவாட்டுப் பொட்டியா என்றேன். தூத்துக்குடியில் சங்கு ஊதினால் கேட்குமா என்றேன். பிடித்த பிடியில் நின்றான். வாரத்தில் நாலு நாள் இந்தச் சண்டை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மாதங்கள் வேறு கிடையாது. காலையில் கடையைத் திறக்கும்போதே இன்றைக்கு அவனை எந்தப் பாட்டில் மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டு திறப்பேன்.

நவம்பரில் ஒரு மழை நாள். குழாய் வேலை இல்லை. ஹெட்போன் வயர் மேஜைக் காலில் சிக்கியிருந்ததால் மரியான் அதை இழுத்துத் திருப்பி மாட்டிக்கொண்டான். இங்கிலீஷ் தட்டு ஓடியது. திடீரென்று என் தோளைத் தட்டினான்.

“என்ன செஞ்சிய அண்ணாச்சி? கித்தார் வருதே.”

“இத்தன நாளு கழிச்சு இப்பவாவது வந்தியே.”

“வருது. ஆனா ஆர்மோனியத்தக் காணோம்.”

நான் அவனைப் பார்த்தேன். ஹெட்போனை மாற்றி மாட்டியிருந்தான். இடது காதில் இருக்கவேண்டியது வலது காதில் இருந்தது. இங்கிலீஷ் தட்டில் கித்தார் முழுக்க இடது பக்கம், ஆர்மோனியம் முழுக்க வலது பக்கம். ஆரஞ்சுத் தட்டை அடித்தவன் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து அடித்திருந்தான், அதனால் எந்தப் பக்கம் கேட்டாலும் எல்லாம் வரும். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். இருபது வருஷமாகச் சத்தத்தோடு பிழைக்கிறவன் நான்.

ஹெட்போனைச் சரியாக மாட்டிவிட்டேன். ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் கையை விட்டு வலது பக்க வயரை உருவினேன். இடது பக்கம் மட்டும் ஓடியது. வெளியே நிற்கும் எனக்கே ஹெட்போனிலிருந்து கசியும் கித்தார் கேட்டது. பாதிப் பாட்டு தாண்டிவிட்டது. மரியான் கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போடுங்க அண்ணாச்சி” என்றான். “என்ன யோசன பண்ணுதிய?”

அவனைச் செவிடன் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். தட்டை நிறுத்திவிட்டு, இடது காதில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டேன். அவன் பெருமையாகச் சொன்னான். போன வருஷம் பிப்ரவரியில், மணப்பாட்டுக்குக் கிழக்கே கடலடிப் பாறைத் திட்டான ஓர் ஆழமான பாரில் முங்கும்போது உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். மேலே வந்தால் தோள் வரைக்கும் ரத்தம். வள்ளத்தில் எல்லாரும் கை தட்டினார்களாம். “காது தெறந்துட்டுல்லா. தெறந்தா அதுக்கப்புறம் அடியில வலிக்காது. சூச அன்னைக்குக் கோழி அடிச்சுப் போட்டான்.” சங்கு குளிக்கிறவர்களில் காது திறக்காதவன், அதாவது சவ்வு கிழியாதவன், பாதி ஆள்தானாம். வலது காதும் இந்தச் சீசனில் திறந்துவிடும் என்று அவன் காத்திருந்தான்.

அவன் விரலாலேயே அவன் வலது காதை அடைக்கச் சொல்லி, இடது காதுக்குப் பக்கத்தில் டிரான்சிஸ்டரை முழுச் சத்தத்தில் வைத்துக் காட்டினேன். செந்தூர்பாண்டி அண்ணாச்சி திட்டிக்கொண்டு வந்து நின்றார். மரியானின் முகம் மாறியது. விரலை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். பிறகு மெல்ல, “அப்போ தட்டு ரெண்டும் ஒண்ணுதானா?” என்று மட்டும் கேட்டான்.

சீசனுக்கு மூன்று வாரம் இருந்தது. காது டாக்டரிடம் நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் குழல் வைத்துப் பார்த்தார், முள்கரண்டி மாதிரி ஒரு கம்பியைத் தட்டித் தலையில் வைத்துப் பார்த்தார். முடித்துவிட்டு மரியானின் இடது பக்கம் நின்றபடி தாழ்ந்த குரலில் என்னிடம் பேசினார். இடது காது போனது போனதுதான், உள் நரம்பும் சேர்ந்து கெட்டிருக்கிறது. வலது சவ்வில் பழைய தழும்பு இருக்கிறது. மறுபடி ஆழத்துக்குப் போனால் அது கிழியலாம், கிழியாமலும் இருக்கலாம். கிழிந்தாலும் கேட்கும் திறன் போகலாம், போகாமலும் இருக்கலாம். தன்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது, முங்குவதா வேண்டாமா என்பது மரியானின் இஷ்டம் என்றார். இதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார்.

வெளியே வராந்தாவில் மரியான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “என்ன சொன்னாரு?” என்று கேட்டான்.

நான் சொன்னேன். “இனிம முங்கினா அந்தக் காதும் போயிரும்னு சொல்லுதாரு. நிச்சயமாப் போயிரும்னுட்டாரு.”

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

அவன் பொத்தானைப் போட்டு முடித்தான். அந்த டிசம்பரில் சூசையின் வள்ளம் மரியான் இல்லாமல் போனது. வேம்பாரிலிருந்து ஓர் ஆளைப் பிடித்து ஆறு பேர் கணக்கை நிரப்பினான் சூசை. மரியான் உப்பு ஏற்றும் இடத்தில் மூட்டை தூக்கப் போனான்.

அந்த வருஷம் பார்த்துத்தானா கடல் அப்படிக் கொடுக்கவேண்டும்? பத்து வருஷத்தில் இல்லாத சங்கு என்று கரையெல்லாம் ஒரே பேச்சு. வேம்பார்க்காரன் பெரிய கையாகிவிட்டான். மரியான் பயந்துபோய்க் கரை ஏறிவிட்டான் என்று டீக்கடையில் ஒருத்தன் என் காதுபடவே சொன்னான். அவனிடம் சண்டைக்குப் போகலாம் என்று எழுந்து, என்ன சொல்லிச் சண்டை போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். மூட்டை தூக்கிய தோளோடு மரியான் வாரம் ஒருமுறை கடைக்கு வருவான். ஆரஞ்சுத் தட்டைக் கேட்பான், போவான். எது ஒசத்தி என்ற பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

ஜனவரியில் செபஸ்தியம்மாள் கடைக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் வாழைச்சருகில் கட்டிய நெய்மீன் கருவாடு.

“உங்களுக்குத்தான் அண்ணாச்சி” என்று மேஜையில் வைத்தாள். “ரெண்டு வருசமா நான் பேசினா அவுக பாதிக்குப் பதில் சொல்லமாட்டாக. எம்மேல என்னமோ வெறுப்புன்னு நெனச்சு நான் அழுவாத நாளு கெடையாது. நான் படுக்கது இடப்பக்கம். இப்பம் மாறிப் படுத்துக்கிடுதேன். நீங்க கண்டுபிடிக்கலன்னா அந்த ஒரு காதையும் கடல்ல போட்டுட்டு வந்திருப்பாக.”

அவள் போன பிறகு அந்தக் கருவாட்டைத் தொட எனக்கு மனம் வரவில்லை. செந்தூர்பாண்டி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். சொன்னது பொய், விளைந்தது நல்லது, அப்புறம் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பகலில் அந்தச் சமாதானம் நிற்கும். மரியான் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் நிற்காது.

மே மாதம் சீசன் முடிந்த வாரம், மத்தியான வேளையில் வந்தான். வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்காரவில்லை. மகளுக்குக் காதில் சீழ் வைத்து, அதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். போன இடத்தில் தன் காதைப் பற்றியும் பேச்சு வந்திருக்கிறது.

“நிச்சயமாப் போயிரும்னு டாக்டர் சொல்லலையாமே” என்றான்.

“இல்ல.”

“போகலாம், போகாமலும் இருக்கலாம்னாராம்.”

“ஆமா.”

“பெறகு எதுக்கு மாத்திச் சொன்னிய?”

உன் நல்லதுக்குத்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. அது முழு உண்மை இல்லை. ஆறு மாதமாக எனக்குள் கிடந்ததை அன்று சொன்னேன். “உன்னய விட்டா இந்தத் தட்டப் பத்திப் பேச எனக்கு ஊருல ஆளு கெடையாதுலே. அந்தக் காதும் போயிட்டா நான் யாரு கூட உக்காந்து சண்ட போட?”

அவன் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எல்லாஞ் சரி அண்ணாச்சி. காது என்னோடதுல்லா? எங்கிட்ட சொல்லியிருக்கணும்லா? எம்புட்டுச் சங்கு வந்துச்சு தெரியுமா இந்த வருசம்? கரையில ஒவ்வொருத்தனும் என்னயப் பாத்த பார்வ தெரியுமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் மேஜையைச் சுற்றிவந்து, வலது காது என் பக்கம் இருக்கும்படி நின்றான்.

“அன்னைக்கு டாக்டர் உங்ககிட்ட சொன்னத இப்பச் சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்.”

சொன்னேன். தழும்பு, கிழியலாம், கிழியாமலும் இருக்கலாம், முங்குவதும் முங்காததும் அவன் இஷ்டம். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

“இன்னொரு தடவ.”

மறுபடி சொன்னேன். கேட்டுவிட்டு, ஆரஞ்சுத் தட்டை உறையோடு எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். போட்டுக் கேட்க அவனிடம் மெஷின் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. மாதா திருவிழாவுக்கு வேறு ஆளை வைத்துக் குழாய் கட்டினேன். அவன் ஒருநாள் தெருவில் எதிரே வந்தபோது நான் கூப்பிட்டேன். நின்றான், “சொல்லுங்க” என்றான். பிள்ளையின் காது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். அந்த மாதங்களில் ஒரே ஒரு உருப்படியான வேலை செய்தேன். ஹெட்போனைப் பிரித்து, இரண்டு பக்க வயரையும் சின்ன ரெசிஸ்டர் வைத்துச் சேர்த்துப் பற்றவைத்தேன். இப்போது எந்தத் தட்டைப் போட்டாலும் இடது பக்கத்துச் சத்தமும் வலது பக்கத்துச் சத்தமும் கலந்து எந்தக் காதிலும் வரும். தைவான்காரன் திருட்டுத்தனமாகச் செய்ததை நான் என் கையால் செய்தேன். நானே மாட்டிக் கேட்டுப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியே வைத்தேன்.

நவம்பர் மழை விட்டது. சூசை மரியானைக் கூப்பிட்டுவிட்டான் என்றும், அலுமினியத் தகட்டுக்கு மரியான் புது வார் போட்டிருக்கிறான் என்றும் செந்தூர்பாண்டி அண்ணாச்சி கடைக்குச் சாமான் வாங்க வந்த கடற்கரைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். செபஸ்தியம்மாள் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே இருக்கிறாளாம். என்னைப் போய்ப் பேசச் சொல்லி அவள் ஆள் அனுப்பினாள். நான் போகவில்லை. ஒருமுறை அவனுக்காக முடிவு செய்தது போதும்.

டிசம்பர் மாதம் சீசனின் முதல் நாள், காலை ஒன்பது மணி இருக்கும். வள்ளங்களெல்லாம் விடியுமுன் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கடையைத் திறந்தேன். ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. மரியான் நின்றான். கக்கத்தில் ஆரஞ்சுத் தட்டு. தலைமுடி காய்ந்திருந்தது.

அவன் ஸ்டூலை மேஜையின் மறுபக்கம் தூக்கிப் போட்டு, வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான். “இங்கிலீசுத் தட்டப் போடுங்க” என்றான். போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டான். இரண்டாவது பாட்டில் அந்த இடம் வந்ததும் அவன் விரல் தானாக மேலே வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். ஹெட்போனைக் கழற்றி வயரைத் தடவி, பற்றவைத்த இடத்தைக் கண்டுபிடித்து, மறுபடி மாட்டிக்கொண்டான். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டான். நான் சாமான்களை நகர்த்துவது போல நகர்த்திக்கொண்டிருந்தேன்.

தட்டு நின்றதும், “நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆரஞ்சுதான் ஒசத்தி” என்றான்.

“போலே” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு, நான் சரியாகக் கேட்கவேண்டும் என்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“கரை வரைக்கும் போனேன். சூச கையப் பிடிச்சு இழுத்தான். டாக்டர் சொன்ன ரெண்டையும் நெனச்சுப் பாத்துட்டு நின்னுட்டேன். நீங்க சொல்லி நிக்கல அண்ணாச்சி. யாரும் கேட்டா, மரியான் அவனா நின்னான்னு சொல்லுங்க.”